மூன்று படி உயரத்தில் ஒரு படுக்கை

என் மாமியாருக்கு மூச்சிரைப்பு. அவருக்கும் மாமாவுக்கும் கொடைக்கானலில் சொந்த வீடு இருந்தது. மாமா அங்கே அரசு ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் மலையை விட்டு இறங்க இருவருக்கும் மனம் வரவில்லை. ஆனால் கார்த்திகை பிறந்துவிட்டால் அத்தையின் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். காலையில் புல்லெல்லாம் உறைபனி படிந்து கிடக்கிற நாட்களில், அடுப்படியிலிருந்து வாசல் வரை நடந்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். குளிர்காலம் முழுக்கக் கீழே போய் இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கீழே என்றால் மதுரை. மதுரை என்றால் விளாங்குடியில் எங்கள் வீடு.

எட்டு வருடம் அப்படி வந்தார்கள். கார்த்திகையில் வந்தால் மாசி கடைசியில்தான் போவார்கள். எங்கள் வீட்டில் ஒரே படுக்கையறை. அந்த மாதங்களில் நானும் என் கணவரும் ஹாலில் பாய் விரித்துப் படுத்தோம். அது எனக்குப் பெரிதாகத் தெரிந்ததில்லை. நான் கழுவிக் கவிழ்த்து வைத்த பாத்திரங்களை அத்தை ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மறுபடி தொட்டியில் போடுவார். நான் பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்திவிட்டு வந்து, அதே பாத்திரங்களை இன்னொரு தடவை கழுவுவேன்.

அதுகூடப் போகட்டும். கல்யாணமான மூன்றாம் வருடம் எனக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. அப்போது நாங்கள் கொடைக்கானலில் அவர்களோடு இருந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள், என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரப் பெண்களிடம் அத்தை நான் படுத்திருந்த அறையின் வாசலிலேயே நின்று சொன்னார்.

"இவ வயிறு சல்லடை. இதுல எது நிக்கும்?"

அந்தப் பெண்கள் சிரிக்கவில்லை. ஆனால் ஒருத்திகூட மறுத்துப் பேசவும் இல்லை. மாமா கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து வெளியே போய், ஏற்கெனவே துடைத்த ஜீப்பை இன்னொரு தடவை துடைத்தார். அதன் பிறகு என் வயிற்றில் எதுவும் நிற்கவில்லை.

ஒன்பதாவது குளிர்காலம் வருவதற்கு முன், ஒரு விடுமுறை நாளில், செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வெளிநாட்டில் ஒரு வயதான தம்பதி. அவர்கள் ஊரில் பனி கொட்டத் தொடங்கியதும், ஒரு சின்ன வீட்டையே வண்டிக்குப் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு வெயில் அடிக்கிற ஊருக்குப் போய்விடுகிறார்கள். குளிர் முடியும்வரை அங்கே தோப்பிலோ கடற்கரையிலோ அதை நிறுத்தி அதற்குள்ளேயே சமைத்து, குளித்து, தூங்குகிறார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போவதில்லை. அந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டதும் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

வீடியோவை மாமாவுக்கு அனுப்பினேன். அரைமணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் அவராக எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"ஏம்மா, இது நம்ம கன்டெய்னர் லாரியில மாட்டுவாங்கள்ல, அந்த பிஃப்த் வீலு. வண்டிக்குப் பின்னால கொக்கி போட்டு இழுக்கிறதில்ல. வண்டி முதுகுலயே தட்டு இருக்கும். ட்ரெய்லரோட மூக்கு அதுல ஏறி உக்காரும். ஆட்டமே இருக்காது."

"நம்ம ஊர்ல செய்வாங்களா மாமா?"

"பாடி கட்டுறவன் நெனச்சா எதையும் கட்டுவான். வைக்கிறதுக்குத்தான் இடம் வேணும்."

இடம் இருந்தது. கொட்டாம்பட்டியில் என் அண்ணனுக்கு ஒரு மாந்தோப்பு. கிணறு, மோட்டார் ரூம், கரண்ட் எல்லாம் உண்டு. விளாங்குடியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போகவேண்டும். தினமும் யாரும் வந்து போக முடியாது. ட்ரெய்லர் தோப்பிலேயே நிற்கட்டும், மலைக்கு ஏறி இறங்க வண்டி மட்டும் போதும், நினைத்தால் ட்ரெய்லரைப் பூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் பக்கமும் போய்வரலாம் என்று மாமா அதற்குள் முடிவே செய்துவிட்டார். என் கணவர், "அப்பாவுக்குப் பிடிச்சா சரி" என்றார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை அவரால் மறைக்க முடியவில்லை. அத்தையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பட்டறை திருச்சி ரோட்டில் இருந்தது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டுகிறவர். இப்படி ஓடும் வீடு இரண்டு செய்த அனுபவம் உண்டு என்றார். மாமா மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். என் கணவருக்கு ஆபீஸ். அதனால் நான்தான் மாமாவோடு போனேன். அப்படித்தான் தேர்ந்தெடுக்கிற வேலை என் கைக்கு வந்தது.

பட்டறைக்காரர் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் இரண்டு படம் போட்டார்.

"அண்ணே, ரெண்டு விதமாப் பண்ணலாம். ஒண்ணு, பின்னால கொக்கி போட்டு இழுக்கிறது. தரையோட தரையா இருக்கும், எல்லாம் ஒரே மட்டம். இன்னொன்னு, நீங்க கேக்குற பிஃப்த் வீலு. அதுல மூக்கு வண்டிக்கு மேல ஏறி நிக்கணும். அந்த மூக்குலதான் படுக்கை வரும். உள்ளுக்குள்ளயே மூணு படி ஏறித்தான் போகணும். மேல நிமிந்து நிக்க முடியாது, குனிஞ்சுக்கிட்டே தவழ்ந்து போய்ப் படுக்கணும்."

"ஓட்டுறதுக்கு எது நல்லது?" என்றார் மாமா.

"ஓட்டுறதுக்கு ரெண்டாவதுதான். கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். ஆனா வயசான ஆளுக இருக்கீங்க. ராத்திரி ஒண்ணுக்கு வந்தாக்கூட அந்தப் படியில எறங்கி ஏறணும். யோசிச்சுக்கங்க."

மாமா சாக்பீஸ் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்க அத்தைக்கு ஏற முடியுமா? முட்டி வேற வலின்னு சொல்றா."

எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டு மொட்டைமாடிப் படியில் மூன்றாவது படியிலேயே அத்தை உட்கார்ந்துவிடுவதை எட்டு வருடம் பார்த்திருக்கிறேன். படியே இல்லாத முதல் படத்தின் மேல் என் கால் கிடந்தது. நான் காலை நகர்த்தவில்லை.

"மூணு படிதான மாமா. ஏறி எறங்குனா நெஞ்சுக்கும் நல்லதுதான். டாக்டரே நடக்கச் சொல்றாரு. நீங்க ஓட்டுறதுக்கு எது பாதுகாப்போ அதையே செய்வோம்."

பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் மாமாவின் முகம் தெளிந்தது. அவருக்கு அந்த இரண்டாவதுதான் வேண்டும் என்பது முதலிலேயே எனக்குத் தெரியும். அவருடைய ஆசையைத் தூக்கி என் வன்மத்துக்கு முன்னால் மறைப்பாக வைத்தேன். தெரியாமல் செய்ததாக இன்றுவரை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

கீழே, அடுப்புக்கு எதிரில், உட்கார ஒரு பெஞ்சு வரும் என்றார் பட்டறைக்காரர். வேண்டுமானால் அதை அகலமாக்கிப் படுக்கையாகவும் போட்டுத் தருகிறேன் என்றார். "வேண்டாம், நடக்க இடம் பத்தாது" என்றேன். அதையும் நான்தான் சொன்னேன்.

அடுத்து இழுவை வண்டி. மூன்று நாள் அதற்காக அலைந்தோம். முன்னும் பின்னும் சீட் வைத்த பிக்கப் ஒன்று மாமாவுக்குப் பார்த்ததுமே பிடித்தது. ஏசி, மெத்தென்ற சீட். ஆனால் பட்டறைக்காரர் தலையாட்டிவிட்டார். பின்தொட்டி குட்டை, வளைவில் திரும்பும்போது ட்ரெய்லரின் மூக்கு கேபினில் இடிக்கும் என்றார். எடை பின் அச்சுக்கு மேலே, ஒரு சாண் முன்தள்ளி விழவேண்டும். பின்னால் தள்ளி விழுந்தால் வண்டியின் முகம் தூக்கிக்கொள்ளும், ஸ்டீயரிங் பிடிக்காது. கடைசியில், காய்கறி லோடு அடித்துக்கொண்டிருந்த, நீளத் தொட்டி வைத்த ஒரு பழைய வண்டி அகப்பட்டது. எழுபத்தொரு வயதில் மாமா சாக்கை விரித்து அதற்கடியில் படுத்து, ஸ்பிரிங் பட்டை ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிப் பார்த்தார். வெளியே வந்தபோது தலையெல்லாம் மண். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"வண்டி கல்லு மாதிரி இருக்கும்மா. சீட்டுதான் தூக்கிப் போடும். அவளுக்கு ஒத்துக்காது. நான் பஞ்சு வச்சுத் தச்சுர்றேன்."

அன்று மத்தியானம் ரோட்டோரக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இலையைப் பார்த்தபடியே மாமா சொன்னார்.

"இம்புட்டு வருசத்துல, அவ உன்னப் பேசுனப்ப எல்லாம் நான் ஒரு வார்த்த கேட்டதில்ல. தப்புத்தான்."

"கேட்டிருக்கலாம் மாமா" என்றேன்.

அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்திருப்பார். பரவாயில்லை என்றோ, அதெல்லாம் மறந்துபோச்சு என்றோ. நான் மோர் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன். அவர் பாதிச் சோற்றோடு இலையை மூடினார்.

கார்த்திகையில் எல்லாம் தயாராகி, ட்ரெய்லர் மாந்தோப்புக்கு வந்து நின்றது. வெள்ளைப் பெயிண்டு, பச்சைக் கோடு, ஜன்னலில் கொசுவலை. என் அண்ணன் வாழைமரம்கூடக் கட்டியிருந்தான். மாமா அத்தையை வண்டியில் கூட்டிவந்து இறக்கினார். அத்தை உள்ளே போய் அடுப்பைப் பார்த்தார், குளிக்கிற இடத்தைப் பார்த்தார். பிறகு படிகளின் முன்னால் நின்றார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். முதல் படியில் ஏறி மூச்சு வாங்கினார். இரண்டாவதில் ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். மேலே போய்ப் படுக்கையில் உட்கார்ந்தபோது தலை கூரையில் முட்டியது.

"பாடை மாதிரியில்ல இருக்கு" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார்.

"இத யாரு எடுத்தது?"

"மாமாதான் அத்தை. ஓட்டுறதுக்கு இதுதான் நல்லதாம்" என்றேன்.

மூன்றாம் நாள் அண்ணன் போன் செய்தான். "ஏத்தா, உங்க மாமியா மேல ஏற மாட்டேங்குறாக. கீழ அந்த பெஞ்சிலதான் ஒருக்களிச்சுப் படுத்திருக்காக. புரண்டா விழுந்துருவாக போல." அந்த பெஞ்சின் அகலம் எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு, என் படுக்கையறையில், என் கட்டிலில், கையையும் காலையும் விரித்துப் போட்டுப் படுத்தேன். சந்தோஷமாக இருந்தது. வேறு சொல் தேடினாலும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் குழம்பும் பொரியலும் எடுத்துக்கொண்டு நானும் கணவரும் போய்வந்தோம். பெஞ்சின் மேல் மடித்து வைத்த போர்வையைப் பார்ப்பேன். "மேல படுத்தா நல்லாக் காத்து வருமே அத்தை" என்பேன். "வரும், வரும்" என்பார் அவர். நான் கொண்டுபோன தூக்குவாளியை முகர்ந்து பார்ப்பதை மட்டும் அவர் விடவில்லை. மாமா வெளியே வண்டியைக் காட்டி என் கணவரிடம் ஏதாவது விளக்கிக்கொண்டிருப்பார். மார்கழி முடிந்ததும் கடற்கரைக்குப் போகிறோம் என்று போன் செய்த இடத்திலெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மலையில் இருந்திருந்தால் அந்த நேரம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கவேண்டிய அத்தைக்கு, கொட்டாம்பட்டி வெயிலில் நெஞ்சு நன்றாகத் தேறியிருந்தது என்பதும் உண்மை.

தை பிறந்து சில நாள். ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டு மாமா மேலே படுத்திருந்தார். கீழே அடுப்பில் மிளகாய் வறுத்த நெடியில் அத்தைக்கு மூச்சு முட்டிக்கொண்டது. மருந்து அடிக்கிற குழல் கைக்கு எட்டவில்லை. அவர் கரண்டியால் சுவரைத் தட்டியிருக்கிறார். மாமா தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து, குனிய மறந்து தலையை இடித்துக்கொண்டு, அதே வேகத்தில் இறங்கி, இரண்டாவது படியில் கால் தவறி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது.

தோப்பில் வேறு யாரும் இல்லை. அத்தையால் அவரைத் தூக்க முடியவில்லை. அவர் விழுந்த இடத்திலிருந்தே கையை நீட்டிக் குழலை எடுத்துக் கொடுத்தார் என்று அத்தை பிறகு சொன்னார். அதை அடித்துக்கொண்டு, போன் எங்கே கிடக்கிறதென்று தெரியாமல், தோப்பு வழியாகத் தார்ரோடு வரை நடந்திருக்கிறார். மூன்று படி ஏற முடியாதவர் அந்தத் தூரத்தை எப்படி நடந்தார் என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. மோட்டார் போட வந்த அண்ணன் பார்க்கும்போது, ரோட்டோரத்தில் மண்ணில் உட்கார்ந்து, பேச்சு வராமல் கையால் தோப்பையே காட்டிக்கொண்டிருந்தாராம்.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அத்தையின் நெஞ்சுக்குப் பயந்து எட்டு வருடம் மலை இறங்கி வந்தவருக்குத் தன் நெஞ்சு காலை வாரியது.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமா ட்ரெய்லரைப் பற்றியேதான் பேசினார். படியில் தப்பில்லை, என் அவசரம்தான் என்றார். ஒருநாள் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் வந்திருந்தார். அத்தை கட்டிலின் தலைமாட்டில், நான் கால்மாட்டில்.

"வண்டிதான் நான் பாத்தது" என்றார் மாமா, மூச்சுக்கு நடுவே. "வீடு பூராவும் என் மருமகதான். பட்டறைக்காரன் கீழ படுக்கை போட்டுத்தாரேன்னு சொன்னான். இவதான் வேணாம்ட்டா. மாமா, ஓட்டுறதுக்கு எது நல்லதோ அத எடுங்கன்னா. பெத்த மக இருந்தாக்கூட இம்புட்டு யோசிக்க மாட்டா."

பெருமையோடு சொன்னார். சிநேகிதர் என்னைப் பார்த்து மெச்சித் தலையாட்டினார். அத்தையும் என்னைப் பார்த்தார். கோபமில்லை. கணக்குப் போட்டு விடையைச் சரிபார்க்கிற ஒருவரின் முகம் அது. நான் மாமாவின் பாதத்தில் போர்வையை இழுத்துவிட்டேன். அவர் பாதம் குளிர்ந்திருந்தது.

பத்தொன்பதாம் நாள் அவர் போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் கொடைக்கானல் வீட்டை வாடகைக்கு விட்டோம். தனியாக அங்கே இருக்க அத்தையால் முடியாது என்று என் கணவர் சொன்னார். படுக்கையறையை ஒழித்துக் கொடுத்தேன். இனி மாசி முடிந்ததும் போய்விடுவார் என்று நாள் பார்க்க வேண்டியதில்லை. வருடம் முழுக்க அவர் இங்கேதான். ட்ரெய்லரை யாரோ ஒரு பரோட்டாக் கடைக்காரர் வந்து பார்த்து எடுத்துப் போனார். வண்டியை அண்ணன் வைத்துக்கொண்டான்.

ஒரு வாரம் அத்தை என்னிடம் பேசவே இல்லை. பிறகு ஒரு காலை, என் கணவர் ஆபீஸ் கிளம்பிப் போன பிறகு, காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்ளரை வாங்கிக்கொண்டார்.

"கதவச் சாத்திட்டு உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன்.

"அந்தப் படி எனக்குத்தான வச்ச?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா அத்தை."

"நான் விழுவேன்னு நெனச்சியா?"

"விழணும்னு நெனக்கல. கஷ்டப்படணும்னு நெனச்சேன்."

அவர் காபியைக் குடித்து முடித்தார். அவசரமில்லாமல் குடித்தார். நான் அழுதுவிடுவேனா என்று பார்த்தார் போலிருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை.

"என் மகன்கிட்ட சொல்ல மாட்டேன்" என்றார். "சொன்னா உன்ன வெட்டி விட்ருவான். அப்பன்னா அவனுக்கு அம்புட்டு உசுரு. நீ போயிட்டா எனக்கு யாரு ஆக்கிப் போடுவா? இந்த வயசுல புதுசா ஒருத்தியப் பழக்க எனக்கு மூச்சு இல்ல."

தம்ளரை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"வெந்நி வையி. குளிக்கணும்."

அன்றிலிருந்து அவர் பாத்திரங்களை முகர்ந்து பார்ப்பதில்லை. குழம்பில் உப்பு குறைந்தால் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறார். சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. தண்ணீர் வேண்டும் என்றால் என்னை ஒரு தடவை பார்த்தால் போதும், நான் எழுந்துவிடுகிறேன். என் அம்மாவைப் பார்க்கப் போகவேண்டும் என்றால், "போயிட்டு வா, எனக்கென்ன?" என்பார். அந்தக் குரலைக் கேட்டதும் நான் போகாமல் நின்றுவிடுவேன். நாங்கள் இருவரும் மாறிவிட்டோம், அம்மாவும் பெண்ணும் போல இருக்கிறோம் என்று என் கணவர் ஆபீஸில் எல்லோரிடமும் சொல்கிறாராம்.

போன மாதம் சிம்மக்கல்லில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் அத்தையைக் காட்டக் கூட்டிப்போனேன். ஊதச் சொல்லிப் பார்த்தார், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்த வயதில் இவ்வளவு நன்றாக இருப்பது அபூர்வம், மலையை விட்டு வந்தது நல்லதாகப் போயிற்று, இப்படியே பார்த்துக்கொண்டால் இன்னும் பத்துப் பதினைந்து வருடம் ஒரு கவலையும் இல்லை என்றார்.

"நல்லாப் பாத்துக்கிறீங்கம்மா" என்றார் என்னிடம்.

"என் மருமக மாதிரி யாருக்கும் அமையாது டாக்டர்" என்றார் அத்தை. சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தார். பலமான பிடி. வெளியே வந்து, காய் மூட்டை ஏற்றிய வண்டிகளுக்கு நடுவே ஆட்டோவைத் தேடிக்கொண்டு வெயிலில் நின்றோம். அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை. எனக்குத்தான் வாங்கியது.